அந்த 1.17 கிலோவை நிறுத்துப் பார்த்தது யார்?

நெகிரி செம்பிலானில் பகாவ் பக்கத்தில் ஒரு தமிழ்ப்பள்ளியில் வேலை செய்யும் இளம் ஆசிரியர் ஒருவர் கேட்டிருந்தார்: "ஒரு மலேசியர் நாளுக்கு 1.17 கிலோ குப்பை போடுகிறார் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது. எங்கள் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகள் இருக்கும் லயத்தில், யாரும் தராசோடு வந்ததே இல்லை. பிறகு இந்த எண் எங்கிருந்து வந்தது? நாங்கள் அந்தக் கணக்கில் இருக்கிறோமா, இல்லையா?"

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தலைக்கணக்கில் நீங்கள் இருக்கிறீர்கள். எடைக்கணக்கில் இல்லை. எப்படி என்று கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

நான் 11 வருஷம் ஒரு குப்பைக் கிடங்கின் வாசலில் லோரிகளை நிறுக்கும் எடைப்பாலத்துக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தவன். அதற்கு முன்னால் நானும் லயத்துப் பிள்ளைதான். அப்பா ரப்பர் பாலுக்காகப் பால்மரம் வெட்டினார், அம்மா களைக்கு மருந்தடித்தார். அதனால் இந்தக் கணக்கின் இரண்டு முனையையும் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

முதலில் அந்த 1.17-ஐப் பிரித்துப் பார்ப்போம். தேசியத் திடக்கழிவு நிர்வாகத் துறை 2012-இல் நாடு தழுவிய ஆய்வு ஒன்று செய்தது. நாடு முழுக்க நாளுக்கு 33,130 டன் குப்பை என்பது அதன் முடிவு. கிலோவில் சொன்னால் 3 கோடியே 31 லட்சத்துச் சொச்சம். 2010 கணக்கெடுப்பில் மக்கள் தொகை 2 கோடியே 83 லட்சம். வகுத்துப் பாருங்கள், 1.17 வரும். அவ்வளவுதான். யாரோ ஒரு சராசரி மலேசியரைப் பிடித்து அவர் வீட்டு வாளியை நிறுத்துச் சொன்ன எண் இல்லை. மேலே ஒரு பெரிய எண், கீழே ஒரு பெரிய எண், நடுவில் ஒரு கோடு.

அந்த மேல் எண்ணில் கோப்பிக் கடை, பாசார், அலுவலகம், பள்ளிக்கூடம் எல்லாம் சேர்த்தி. வீட்டுக்குப்பை மட்டும் என்றால் ஏறக்குறைய 65 விழுக்காடு, அதாவது ஆளுக்கு முக்கால் கிலோதான். "வீட்டில் ஆளுக்கு ஒரு கிலோவுக்கு மேல் குப்பை போடுகிறோம்" என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது தவறு. பலர் அப்படித்தான் சொல்கிறார்கள்.

சரி, 33,130 எப்படி வந்தது? இந்த மாதிரி ஆய்வுகளுக்கு உலகம் முழுக்க ஏறக்குறைய ஒரே முறைதான். நகரம், கிராமம், மாடி வீடு, மலிவு விலை வீடு என்று வகை பிரிப்பார்கள். ஒவ்வொரு வகையிலும் சில வீடுகளைத் தேர்ந்தெடுத்துப் பை கொடுத்து, சில நாள் குப்பையை வாங்கி நிறுப்பார்கள். வந்த சராசரியை அந்த வகை மக்கள் தொகையால் பெருக்குவார்கள். கடைக்கும் தொழிற்சாலைக்கும் தனிக் கணக்கு. பிறகு, குப்பைக் கிடங்குக்கு வந்த லோரி எடைகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஆக, உங்கள் லயத்துக்கு யாரும் வராவிட்டாலும், உங்களைப் போன்ற வீடு என்று எங்கேயோ நிறுத்த ஒரு வீட்டின் எடை உங்கள் தலைக்கும் போடப்பட்டிருக்கும். நான் தலைக்கணக்கு என்றது இதைத்தான்.

குப்பையில் என்னென்ன இருக்கிறது என்று பார்க்கும் வேலை இன்னும் சுவாரஸ்யம். நான் ஒருமுறை கூட நின்று பார்த்திருக்கிறேன். லோரி கொட்டியதில் ஒரு பகுதியைக் கன்வாஸ் விரித்துக் குவிப்பார்கள். பிட்டை நான்காக வெட்டுகிற மாதிரி குவியலை நான்காகப் பிரித்து, எதிரெதிர் மூலை இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுவார்கள். மறுபடி கலந்து மறுபடி நான்கு. நூறு கிலோ அளவுக்கு வந்ததும் கையுறை போட்டுக்கொண்டு சோறு, மீன் முள், பிளாஸ்டிக் பை, அட்டை, போத்தல், குழந்தை டயப்பர் என்று ஆளுக்கு ஒரு கூடையாகப் பிரிப்பார்கள். வீட்டுக்குப்பையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு உணவு, ஏறக்குறைய 45 விழுக்காடு என்று 2012 ஆய்வு சொன்னது. டயப்பர் மட்டுமே 12 விழுக்காடு. கேட்டபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. அது எவ்வளவு கனக்கும் என்று பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியும்.

இனி எடைப்பாலம். லோரி உள்ளே வரும்போது ஏறி நிற்கும், திரையில் 14,260 என்று வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போய்க் கொட்டிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது மறுபடி ஏறும், 8,940. கழித்தால் 5,320 கிலோ. சீட்டில் வண்டி எண், நேரம், எந்தப் பகுதிக் குப்பை, என்ன வகை என்று அச்சாகும். நாள் முடிவில் அதைக் கூட்டி, மாத முடிவில் தாளில் ஏற்றி மேலிடத்துக்கு அனுப்புவோம். நாட்டின் குப்பைப் புள்ளிவிவரத்தில் நிஜமாக நிறுத்துப் பார்த்த பகுதி என்றால் பெரும்பாலும் இந்தச் சீட்டுதான். மற்றதெல்லாம் சீட்டு இல்லாத இடத்தை நிரப்பும் கணக்கு.

அந்தச் சீட்டும் புனிதமானது இல்லை. என் காலத்தில் ஒருமுறை பாலத்தின் அடியில் இருக்கும் எடை உணரி மின்னல் அடித்துக் கெட்டுப்போனது. மாற்றுச் சாமான் வர ஏழு வாரம். அதுவரை லோரியை நிறுத்தி வைக்க முடியுமா? "சின்ன லோரிக்கு 3 டன், பெரிய லோரிக்கு 6 டன் என்று எழுது" என்றார் மேலதிகாரி. எழுதினேன். அரை லோரி வந்தாலும் 6, பிதுங்க வந்தாலும் 6. அந்த ஏழு வாரமும் ஆண்டறிக்கையில் மற்ற வாரங்களோடு சேர்ந்துதான் அச்சானது. பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறிகூட இல்லை. பாலமே இல்லாத சின்னக் கிடங்குகளில் வருஷம் பூராவும் இதே கதைதான். இடத்தின் பெயர் வேண்டாம், இப்போது அங்கே எல்லாம் சரியாகத்தான் நடக்கிறது.

அப்புறம் மழை. நவம்பரில் மாலை மழையில் ஊறி வரும் குப்பை, பிப்ரவரிக் குப்பையைவிட நன்றாகக் கனக்கும். மக்கள் கூடுதலாகத் தின்று போட்டார்கள் என்று அர்த்தமில்லை, தண்ணீருக்குச் சேர்த்து எடை போட்டிருக்கிறோம். இதைத் தோட்டத்து ஆட்களுக்கு விளக்கவே வேண்டாம். ஸ்டோரில் ரப்பர் பால் நிறுக்கும்போது வாளி எடையை மட்டும் பார்த்தால் தண்ணீர் கலந்தவனுக்கு லாபம். அதனால்தான் தோட்டக் கணக்கப்பிள்ளையான கிராணி மெட்ரோலாக் குழாயைப் பாலுக்குள் விட்டு உலர் ரப்பர் எத்தனை விழுக்காடு என்று பார்த்துச் சம்பளம் எழுதினார். குப்பைக்கு அப்படி ஒரு குழாய் தினமும் கிடையாது. எப்போதாவது ஆய்வில் மட்டும் மாதிரியை உலர்த்திப் பார்ப்பார்கள். ஈரக் குப்பை போடும் நம் நாட்டை, அட்டைப்பெட்டியும் காகிதமும் போடும் குளிர் நாட்டோடு கிலோவுக்குக் கிலோ ஒப்பிடுகிறவர்கள் இதை நினைத்துக்கொண்டால் நல்லது.

இப்போது உங்கள் லயத்துக்கு வருவோம். தோட்டம் தனியார் நிலம். நகராண்மைக் கழக லோரி கேட்டைத் தாண்டி வராது. 1990-ஆம் ஆண்டில் வந்த தொழிலாளர் வீடமைப்புச் சட்டம், அதாவது சட்டம் 446, லயத்துச் சுத்தத்தை முதலாளியின் பொறுப்பாக வைத்திருக்கிறது. எங்கள் தோட்டத்தில் திங்களும் வியாழனும் டிராக்டர் வரும். பின்னால் பெட்டி, அதில் இரண்டு பேர். தகர டின்களைக் கவிழ்த்துக்கொண்டு, பழைய மரங்களுக்குப் பின்னால் வெட்டிய குழியில் கொண்டுபோய்த் தள்ளுவார்கள். நிறைந்ததும் மண் போட்டு மூடிவிட்டு அடுத்த குழி. அதற்கும் முன்னால் சோறு கோழிக்குப் போயிருக்கும், காய்கறித் தோல் மாட்டுக்குப் போயிருக்கும், காய்ந்த இலை வாசலில் எரிந்திருக்கும். இவற்றில் எதுவும் எந்தப் பாலத்திலும் ஏறவில்லை.

2003-இல் தோட்டம் கைமாறியது. நாங்கள் டவுனில் ஒரு மலிவு விலை தாமானுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிக்கு, வந்தோம். அதே அம்மா, அதே சமையல், அதே எட்டுப் பேர். மாடு மட்டும் இல்லை. வாசலில் வாளி வைத்தோம், லோரி வந்து எடுத்தது, பாலத்தில் ஏறியது. அரசாங்கத் தாளின்படி பார்த்தால் எங்கள் குடும்பம் 2003-இல்தான் குப்பை போடவே தொடங்கியது! ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இப்படித் தோட்டத்தை விட்டு வந்தன. கிடங்குக்கு வரும் எடை வருஷா வருஷம் ஏறுவதைக் காட்டி "மக்கள் வீணாக்குவது கூடிவிட்டது" என்று பேசும்போதெல்லாம் எனக்கு அந்த டிராக்டர் நினைவுக்கு வரும். ஏற்றத்தில் ஒரு பகுதி நிஜமான ஏற்றம்தான், மறுக்கவில்லை. பிளாஸ்டிக் பையும் பொட்டலமும் எவ்வளவு பெருகிவிட்டன என்று பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம். ஆனால் ஒரு பகுதி, முன்பே இருந்த குப்பை இப்போது கணக்குக்குள் வந்தது. எது எவ்வளவு என்று அந்தத் தாளை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது.

இன்னொரு குழப்பம், யார் கணக்கு எழுதுகிறார்கள் என்பது. 2007-இல் இயற்றிய திடக்கழிவு, பொதுத் துப்புரவு நிர்வாகச் சட்டம், அதாவது சட்டம் 672, 2011 செப்டம்பர் 1-இல் நடப்புக்கு வந்தது. நெகிரி செம்பிலான், ஜொகூர், மலாக்கா, பகாங், கெடா, பெர்லிஸ், அதோடு கோலாலம்பூர், புத்ராஜெயா ஆகியவை அதை ஏற்றன. அங்கெல்லாம் குத்தகை நிறுவனம் அள்ளும், எஸ்டபிள்யூகார்ப் என்ற அரசு நிறுவனம் மேற்பார்வை பார்க்கும், தகவல் ஒரே வழியில் மேலே போகும். உங்கள் பகாவ் இதற்குள் வரும். பேராக், சிலாங்கூர், பினாங்கு போன்றவை ஏற்கவில்லை. பேராக்கில், சுங்கை சிப்புட்டில் இருக்கும் என் தங்கை வீட்டுக் குப்பை அங்குள்ள ஊராட்சி மன்றத்தின் கணக்கு. சபா, சரவாக்குக்குத் தனிச் சட்டங்கள். தேசிய எண் என்று ஒன்றைச் சொல்லும்போது, இத்தனை பேர் இத்தனை விதமாக எழுதிய தாள்களை ஒன்றாகத் தைக்க வேண்டியிருக்கிறது.

தைப்பதில் மிகவும் சிக்கலானது மறுசுழற்சி விகிதம். 2012-இல் 10.5 விழுக்காடு, 2018-இல் 24.6, 2020-இல் 30.67 என்று அறிவித்தார்கள். 2025-க்கு 40 என்று இலக்கு வைத்திருந்தார்கள். கணக்கு என்னவோ சுலபம்: மறுசுழற்சிக்குப் போனதை, போனதும் புதைத்ததும் சேர்ந்த மொத்தத்தால் வகுக்க வேண்டும். புதைத்ததற்குச் சீட்டு இருக்கிறது. போனதற்கு?

ஞாயிற்றுக்கிழமை காலையில் தாமானுக்குள் "சூராட் கபார் லாமா", அதாவது பழைய பத்திரிகை, என்று ஒலிபெருக்கியில் ஒரே குரல் திரும்பத் திரும்பப் பாட, ஒரு வேன் வரும் அல்லவா? அம்மா கட்டி வைத்த பத்திரிகைக் கட்டைத் தூக்கு தராசில் மாட்டி, சில ரிங்கிட்டைக் கையில் கொடுத்துவிட்டுப் போவார். சீட்டெல்லாம் கிடையாது. அவர் அதை டவுன் பழைய சாமான் கடையில் போடுவார். கடைக்காரர் சேர்த்து வைத்துப் பெரிய கிடங்குக்கு அனுப்புவார். அங்கிருந்து காகித ஆலைக்குப் போகும். கணக்கெடுப்பவர் கடைக்காரரையும் கேட்டு, பெரிய கிடங்கையும் கேட்டு, ஆலையையும் கேட்டு மூன்றையும் கூட்டினால் அம்மாவின் ஒரே கட்டு மூன்று முறை மறுசுழற்சி ஆகிவிடும். ஆலையை மட்டும் கேட்டால் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த காகிதமும் பிளாஸ்டிக்கும் உள்ளே நுழைந்துவிடும். 2018-இல் சீனா பிளாஸ்டிக் கழிவுக்குக் கதவைச் சாத்தியதும் அது நம் கிள்ளான், ஜெஞ்சாரோம், சுங்கைப்பட்டாணி பக்கம் எப்படி வந்து குவிந்தது என்று பார்த்தோமே. அந்த இறக்குமதி சுங்கத்துறைக் கணக்கில் 3915 என்ற குறியீட்டின் கீழ் நிற்கும். வீட்டுக்குப்பைக் கணக்கில் அதற்கு இடமில்லை.

அதனால் விகிதம் ஏறியது என்ற செய்தியைப் படித்தால் நான் முதலில் கேட்பது, போன வருஷம் எத்தனை கடைகளைக் கேட்டார்கள், இந்த வருஷம் எத்தனை என்பதுதான். கேட்கும் கடை கூடினால், ஒருவர்கூடப் புதிதாகப் போத்தலைப் பிரித்துப் போடாவிட்டாலும் விகிதம் ஏறும். பொய் என்று சொல்லவில்லை. முன்பு விட்டுப்போனதைப் பிடிப்பது நல்ல வேலைதான். ஆனால் அதைப் பழக்கம் மாறியதற்குச் சாட்சியாக வைக்கக் கூடாது.

எல்லாக் குப்பையும் இப்படித் தட்டுத்தடுமாறித்தான் எண்ணப்படுகிறது என்று நினைக்க வேண்டாம். ஆபத்தான கழிவுக்கு, மலாயில் பூவாங்ஙான் தெர்ஜாடுவால் என்பதற்கு, 2005-ஆம் ஆண்டின் விதிகள் இருக்கின்றன. 77 வகை, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு. உங்கள் தோட்டத்து வொர்க்‌ஷாப்பில் டிராக்டரிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெய் எஸ்டபிள்யூ 305. மருந்தடித்த டின்களும் இந்தப் பட்டியலோடு சம்பந்தப்பட்டவைதான், அதனால்தான் அவற்றை மூன்று முறை அலசி ஓட்டை போடச் சொல்கிறார்கள். வொர்க்‌ஷாப் அந்த எண்ணெயை 180 நாளுக்கு மேலோ 20 டன்னுக்கு மேலோ வைத்திருக்கக் கூடாது. கொடுத்தவர், ஏற்றியவர், வாங்கியவர் மூன்று பேரும் சுற்றுச்சூழல் துறையின் இணைய முறையில் பதிய வேண்டும். எங்கள் தோட்டத்தின் ஒரு பீப்பாய் எண்ணெய்க்கு இருந்த அத்தாட்சி, நூறு வீட்டு லயத்தின் ஒரு வருஷக் குப்பைக்கு இல்லை.

செம்பனை எண்ணெய் ஆலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 100 டன் செம்பனைக் குலை உள்ளே போனால் 20 டன்னுக்கு மேல் வெறுங்குலையாக வெளியே வரும். நாரும் கொட்டை ஓடும் அதற்கு மேல். மலை மாதிரி குவிந்து புகையும், பார்த்திருப்பீர்கள். அது 33,130-இல் கிடையாது. உயிர்ப்பொருள் என்று வேறு பெயரில் வேறு ஏட்டில் இருக்கிறது, ஏனென்றால் மரத்தடிக்கு உரமாகவும் கொதிகலனுக்கு எரிபொருளாகவும் போகிறது. நியாயமான காரணம்தான். ஆனால் குப்பை என்று எதைச் சொல்வது என்பதிலேயே எண் மாறிவிடுகிறது பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2004-இலிருந்து இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை சுரங்கம், கட்டுமானம், தொழிற்சாலை எல்லாவற்றையும் சேர்த்து எண்ணுகிறார்கள். அங்கே ஆளுக்கு வருஷத்துக்குச் சுமார் 5 டன் வருகிறது. அதே ஐரோப்பாவில் நகரக் குப்பை மட்டும் என்றால் 500 கிலோவை ஒட்டித்தான். பத்தில் ஒரு பங்கு! நம்முடைய 1.17-ஐ 365-ஆல் பெருக்கினால் 427 கிலோ. இதை அந்த 5 டன்னோடு வைத்து "நாம் எவ்வளவு சிக்கனம்" என்று மேடையில் பேசியவரை நானே கேட்டிருக்கிறேன்.

அமெரிக்கா இன்னொரு வழி. அவர்களுடைய சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் தேசிய எண்ணுக்காக லோரிகளை நிறுத்துப் பார்ப்பதில்லை. நாட்டில் எவ்வளவு காகிதம், பிளாஸ்டிக், மெத்தை தயாரானது, எவ்வளவு இறக்குமதி, எவ்வளவு ஏற்றுமதி, ஒரு மெத்தை எத்தனை வருஷம் உழைக்கும் என்று பார்த்து, இந்த வருஷம் இவ்வளவு குப்பையாகியிருக்கும் என்று கணிக்கிறார்கள். உணவுக்கும் தோட்டத்து இலைதழைக்கும் மட்டும் மாதிரி ஆய்வு. 2018-க்கு 29 கோடி அமெரிக்க டன் என்று சொன்னது அப்படி வந்ததுதான். இதில் ஒரு வசதி, யாருடைய எடைப்பாலம் கெட்டாலும் கவலையில்லை. லயத்துக் குழியும் தானாகவே உள்ளே வந்துவிடும்.

நம் ஊரில் இந்தத் தாள்கள் எல்லாம் கடைசியில் புள்ளிவிவரத் துறைக்குப் போய்ச் சேரும். அது வருஷந்தோறும் சுற்றுச்சூழல் புள்ளிவிவரத் தொகுப்பு ஒன்றை வெளியிடுகிறது, இணையத்தில் எடுத்துப் பார்க்கலாம். துறை தானாக நிறுப்பதில்லை, மற்ற துறைகள் கொடுப்பதைச் சரிபார்த்து அடுக்குகிறது. ஐக்கிய நாட்டுச் சபைக்கும் இப்படி அடுக்கியதுதான் போகிறது.

மாணவர்களை வைத்து ஏதாவது செய்ய முடியுமா என்றும் கேட்டிருந்தீர்கள். தாராளமாக. பத்து வீடு, ஏழு நாள் போதும். நான்கு வீடு லயத்தில், ஆறு வீடு தாமானில் எடுங்கள். தினமும் ஒரே நேரத்தில், மழைபடாத இடத்தில் நிறுங்கள். தீபாவளி வாரம் வேண்டாம். முறுக்கு மாவுப் பையும் பட்டாசுக் காகிதமும் கணக்கைக் கவிழ்த்துவிடும். சோற்றுக் குப்பையைத் தனி வாளியில் போடச் சொல்லுங்கள். மாடு, கோழி இருக்கிற வீட்டைத் தனியாகக் குறித்துவையுங்கள். விருந்தாளி வந்தால் அந்த நாள் எத்தனை தலை என்று எழுத வேண்டும். முக்கியமாக, பிள்ளை நிறுக்க மறந்த நாளில் 0 என்று போட விடாதீர்கள், கோடு மட்டும் போடட்டும். 0 போட்டால் அன்று குப்பையே இல்லை என்று சராசரி கீழே இறங்கிவிடும். நான் கூண்டில் இருந்தபோது புதிதாக வந்த பையன்கள் எல்லோரும் செய்த தவறு அது.

தராசுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். அப்பா பால் ஸ்டோரிலிருந்து கேட்டு வாங்கி வந்த பழைய டாச்சிங், அதாவது தூக்கு தராசு, ஒன்று என் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. கல் சரியாக இருக்கிறது, கொக்கிதான் கொஞ்சம் துரு. சனிக்கிழமை வந்தால் எடுத்துப் போகலாம்.